பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ்

கல்யாணம் ஆகாதவள், கண்ணாடி போட்டவள், கிறிஸ்தவப் பெண். முடிச்சூர் சாலையில் நான் வேலை பார்த்த இரும்பு வார்ப்படப் பட்டறையில் இந்த மூன்றையும் எப்படியோ பொறுத்துக்கொண்டார்கள். பேரிங்கைப் பற்றி நான் வாய் திறந்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. காலம் போய்விட்டது, இப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாமே என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு வந்த கோபம் அப்படியே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா ஆசிரியர், பெரியப்பா ஆசிரியர், அத்தைகள் இருவரும் ஆசிரியைகள். எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்பே எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவாகிவிடும். நான் பௌதிகத்தில் பி.எஸ்.சி. முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டு வெளியே வரும்போதெல்லாம் "எப்போ பி.டி. சேரப்போறே?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. எனக்கு அந்த ஆசிரியர் படிப்பும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளை 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று அதட்டிக்கொண்டு காலம் தள்ள என்னால் ஆகாது. வார்ப்படப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்க ஆள் தேவை என்று தெரிந்ததும் அப்பாவிடம் சண்டை போட்டுச் சேர்ந்தேன்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "போ. ஆனா என்னைக்காவது அவங்க 'நீ வேண்டாம், போம்மா'ன்னு சொல்லிட்டா, மறுபேச்சு பேசாம பி.டி. சேரணும்." நான் சரி என்றேன். ஆகவே ஒவ்வொரு நாளும் தாம்பரத்திலிருந்து அந்தச் சாலையில் நான் நடந்து போனது அந்தப் பேச்சைத் தலையில் சுமந்துகொண்டுதான். பட்டறையில் ஒரு தப்பு நடந்து அது என் பேரில் விழுந்தால் சாக்பீஸ் என் கைக்கு வந்துவிடும்.

ஸ்டோர்ஸ் என்பது கம்பி ஜன்னல் வைத்த ஒரு தகரக் கொட்டகை. ஆணி, பெல்ட், கையுறை, மண்ணெண்ணெய், கிரீஸ் பீப்பாய் எல்லாம் என் பொறுப்பு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அலமாரியின் மேல்தட்டில் மெழுகுத்தாளில் சுற்றி வைத்திருந்த பேரிங்குகள். முதல் பேரிங்கைப் பிரித்தபோது அது ஒரு தடித்த வளையல் அளவுக்கு இருந்தது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். நடுவே எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஒன்றையொன்று முட்டாமல் இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் ஒரு தகடு. உள்வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு வெளிவளையத்தைத் தட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. இந்நேரம் நின்றிருக்கும் என்று நினைத்த பிறகும் சுற்றியது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட மறந்துபோனேன்.

சபையிலிருந்து ஒருமுறை கோவளத்துக்குப் பிக்னிக் போயிருந்தோம். மீனவர்கள் மணலில் உருட்டுக்கட்டைகளைப் போட்டு அதன் மேல் படகை ஏற்றித் தண்ணீருக்குத் தள்ளினார்கள். வெறும் மணலில் இழுத்தால் ஊரே சேர்ந்து இழுக்க வேண்டிய படகு, கட்டையின் மேல் நாலு பேருக்கு அடங்கிப் போயிற்று. கல்லூரியில் உராய்வு என்று எழுதிப்போட்டுப் படித்ததெல்லாம் எனக்கு அந்தக் கரையில்தான் புரிந்தது. தேய்த்துக்கொண்டு போவதைவிட உருண்டு போவது எளிது, அவ்வளவுதான். பேரிங் செய்வதும் அதே வேலை. படகுக்குப் பின்னால் விடுபட்ட கட்டையை யாராவது தூக்கிக்கொண்டு ஓடி மறுபடியும் முன்னால் போட வேண்டும். பேரிங்கில் குண்டு தானாகவே சுற்றி முன்னால் வந்துவிடும்.

பேரிங்கின் முகத்தில் எண் பொறித்திருப்பார்கள். 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். இருபத்தைந்து மில்லிமீட்டர். உள்ளே நுழையும் ஷாஃப்டின், அதாவது சுற்றும் தண்டின், கனம் அதுதான். நான் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து இதைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு உலகமே எனக்குப் பேரிங்காகத் தெரிய ஆரம்பித்தது. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியில், செம்பாக்கத்து மாவு மில்லில், சைக்கிள் சக்கரத்தில், எதிலெல்லாம் ஒன்று சுற்றுகிறதோ அதிலெல்லாம் உள்ளே எங்கோ அது உட்கார்ந்திருந்தது. வீட்டில் இதைச் சொன்னால் அம்மா "சாதத்தைப் பிசைஞ்சு சாப்பிடு" என்பாள்.

எங்கள் பட்டறையில் உயிரான மெஷின் புளோயர். உலைக்குக் காற்று ஊதுவது. கரியையும் பழைய இரும்பையும் அடுக்கடுக்காகப் போட்டுப் பற்றவைத்தால், இரும்பு உருகி அதை அச்சில் ஊற்றி முடிக்கும்வரை காற்று நிற்கக் கூடாது. நின்றுவிட்டால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துபோகும். பிறகு உலையை உடைத்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். புளோயரின் ஷாஃப்டை இரண்டு பக்கமும் தாங்கியிருந்தவை இரண்டு பேரிங்குகள். ஒவ்வொன்றும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் புளோயர் மேஸ்திரியின் செல்லம். மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. உலையின் நிறத்தைப் பார்த்தே இரும்பு எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவார், ஒருநாளும் தப்பாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மற்ற மெஷின்களைத் துடைப்பதை ஆட்களிடம் விட்டுவிட்டுப் புளோயரை மட்டும் அவரே எடுத்துக்கொள்வார். கூட்டைத் திறந்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸை அள்ளி அள்ளி அடைப்பார். மூடியைத் திருகும்போது ஓரமெல்லாம் பிதுங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அவருக்குத் திருப்தி.

"வருசம் பூரா ஒழைக்குதும்மா. ஒரு நாளாவது வயிறு ரொம்ப துன்னட்டும்" என்பார்.

பிறகு சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம், பொரி. வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். விஜயதசமி அன்று உலையைப் பற்றவைத்து முதல் உருக்கு. அன்று மத்தியானத்துக்குள் புளோயரின் பேரிங் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். கிரீஸ் உருகிச் சொட்டும். கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டுக் கிறீச்சிட ஆரம்பிக்கும். மேஸ்திரி என் ஜன்னலுக்கு வந்து புது பேரிங் கேட்பார்.

"கண்ணு பட்டுச்சும்மா" என்றார், நான் சேர்ந்த முதல் வருஷம். "பூஜை அன்னிக்கி ஊர்ல கீறவன்லாம் வந்து வாயப் பொளந்துகினு பாத்துட்டுப் பூட்டான். அதான்."

அடுத்த வருஷம் பெரிய பூசணிக்காயாக வாங்கினார்கள். கிரீஸும் இன்னும் தாராளமாக அடைத்தார்கள். அந்த விஜயதசமியில் உருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பேரிங் இறுகிப்போய்ப் புளோயர் நின்றது. உலைக்குள் இரும்பு உறைந்தது. சம்மட்டியும் உளியும் வைத்து உடைத்தார்கள். சில்லு தெறித்து ஒருவருக்குப் புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது. என்னிடம் புது பேரிங் வாங்க வந்தபோது மேஸ்திரிக்குக் கண் கலங்கியிருந்தது.

கழற்றிப்போட்ட பேரிங்கை நான் எடுத்துவைத்துக் கழுவிப் பார்த்தேன். குண்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. எஃகு அப்படி நீலம் ஆக வேண்டுமானால் சூடு கொஞ்சநஞ்சம் பத்தாது. கிரீஸ் இல்லாமல் காய்ந்து செத்த பேரிங்குகளும் என்னிடம் இருந்தன. இது காய்ந்து சாகவில்லை. கிரீஸில் முழுகிச் செத்திருந்தது. ஆட்டுக்கல் வழிய மாவைப் போட்டுவிட்டுக் குழவியைச் சுற்றிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். குண்டுகளும் அப்படித்தான் அந்தக் கிரீஸைக் கடைந்து கடைந்து சூடேறியிருக்கின்றன. குண்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு போதும். மீதி இடம் காலியாக இருக்க வேண்டும். பூஜைக்குப் பிறகு ஏன் கண் படுகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கினால் மட்டும் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? ஓரம் தேய்க்கும் சாணைக்கல் மெஷினில் இரண்டு பக்கமும் பேரிங் உண்டு. அதை ஓட்டியவரைக் கெஞ்சி, ஒரு பக்கம் முழுக்க அடைத்து, மறுபக்கம் கொஞ்சமாக வைத்து ஓடவிட்டேன். சாயங்காலம் மேஸ்திரியைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நிறைய அடைத்த பக்கம் சுட்டது. கொஞ்சம் வைத்த பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. மேஸ்திரி கையை எடுத்துப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"இந்தப் பக்கம் வெய்யில் அடிக்குது" என்றார்.

நான் விடவில்லை. குண்டு, கூடு, ஆட்டுக்கல் எல்லாம் சொன்னேன். "அதனால பூஜைக்கு நீங்க அடைக்கிற கிரீஸ்தான் பேரிங்கைக் கொல்லுது, மேஸ்திரி" என்று முடித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, உங்காளுங்களுக்குப் பூஜைன்னா ஆவாது. அத்த நேரா சொல்லாம கிரீஸ் மேல போட்டு சொல்றியா?"

"நான் சாமியப் பத்திப் பேசலையே. கிரீஸைப் பத்திப் பேசறேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

விஷயம் முதலாளியிடம் போயிற்று. அவர் படித்தவர், நல்ல மனிதர், எதிலும் நடுவில் நின்றுகொள்பவர். "பாரும்மா, நீ சொல்றது கரெக்டாக்கூட இருக்கலாம். ஆனா இது சென்டிமென்ட் மேட்டர். வேற யாராவது சொல்லியிருந்தா பரவாயில்லை. நீ சொன்னா அது வேற மாதிரி போகும்" என்றார். வேறு யார் சொல்வார்கள்? செத்த பேரிங்கைக் கழுவிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டறையில் வேறு யார் இருந்தார்கள்? உண்மை யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பேரிங் சூடாவதா ஆறுவதா என்று முடிவு செய்யுமா? இதையெல்லாம் அவரிடம் கேட்டேன். "கோபப்படாதேம்மா" என்றார். கோபப்படாமல் என்ன செய்வது?

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். "அவங்க பூஜையில உனக்கென்ன வேலை? போன வருஷம் பொரி சாப்பிட்டியாமே, சபையில பேசிக்கிறாங்க." ஆமாம், சாப்பிட்டேன். பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்ட பொரி, நன்றாக இருந்தது. அங்கே என்னைப் பூஜைக்கு ஆகாதவள் என்றார்கள், இங்கே பூஜையில் கலந்தவள் என்றார்கள். கிரீஸ் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. "பொரியும் சாப்பிடுவேன், கிரீஸையும் குறைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேஸ்திரி பெரிய தகர டப்பாவோடு ஜன்னலுக்கு வந்தார். பீப்பாய் என் பக்கம் இருந்தது. நான் எலுமிச்சம்பழ அளவுக்குக் கிரீஸை இரண்டு உருண்டையாக உருட்டி, ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினேன். ஒரு பேரிங்குக்கு ஒன்று.

"இன்னா இது?"

"புளோயருக்குக் கிரீஸ்."

"வெளாடாதம்மா. டப்பாவ ரொப்பு."

"மாட்டேன்."

என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். முதலாளியும் வந்தார். மேஸ்திரி டப்பாவைத் தரையில் வைத்தார். "முதலாளி, நான் இருவது வருசமா என் கையால போட்டுகினு வரேன். இது பட்டினி போட சொல்லுது. நாளைக்கு உலை நின்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றேன். "புளோயர் பேரிங் நின்னா என்னை அனுப்பிடுங்க. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? நிஜமாவே அனுப்பிடுவேன். அப்புறம் எனக்கும் வேற வழி கிடையாது."

"யோசிச்சுட்டேன்."

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்பாவின் நிபந்தனை ஞாபகம் வந்திருக்கும். மேஸ்திரி புளோயர் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப நீயே வெய்யி" என்றார். "ஜன்னலுக்கு உள்ள நின்னுகினு பேசறது ஈஸி. வா, கைய அழுக்காக்கு."

அவர் நினைத்தது நான் வரமாட்டேன் என்று. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் புளோயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுவிக் காயவைத்த பேரிங்கில் குண்டுக்குக் குண்டு நடுவில் கட்டைவிரலால் கிரீஸை அழுத்தினேன். சுற்றிவிட்டேன், பரவியது. மறுபடி கொஞ்சம் அழுத்தினேன். கூட்டுக்குள் பாதிக்கு மேல் காலியாகவே விட்டுவிட்டு மூடியைத் திருகச் சொன்னேன். எதுவும் பிதுங்கவில்லை. மேஸ்திரி அந்தக் காய்ந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிள்ளைக்கு நான் பாதி வயிற்றுக்குச் சோறு போட்டு எழுப்பிவிட்டதுபோல அவர் முகம் இருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இன்னொரு விரல் கிரீஸ்கூட வைத்திருக்க மாட்டேன்.

"உள்ள நான் சொல்ற அளவு, மேஸ்திரி" என்றேன். "மேல சந்தனம் குங்குமம் உங்க இஷ்டம். எவ்வளவு வேணாலும் வைங்க." மறுநாள் அவர் கூட்டின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். பூஜைத் தட்டைப் பிடிக்க ஆளில்லாமல் திரும்பிப் பார்த்தார். நான் பிடித்தேன்.

விஜயதசமி காலையில் உலையைப் பற்றவைத்தார்கள். புளோயர் ஓட ஆரம்பித்தது. நான் ஸ்டோர்ஸைத் திறந்து போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் கூட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். நான் நகர்ந்ததும் மேஸ்திரி வந்து வைத்துப் பார்ப்பார். மத்தியானம் ஆயிற்று. போன வருஷம் பேரிங் இறுகிய நேரம் தாண்டியது. இரும்பு இறங்கத் தொடங்கியது, ஆட்கள் கரண்டியில் பிடித்து அச்சுகளில் ஊற்றினார்கள். பாதி அச்சு நிரம்பியிருக்கும்.

அப்போது காற்றின் சத்தம் குறைந்தது. குறைந்துகொண்டே போய் நின்றது.

அந்த அமைதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரண்டியோடு நின்றவர்கள் எல்லோரும் உலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். முதலாளி அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தார். "போச்சா? போச்சா? நான் அன்னைக்கே சொன்னேனே!" என்றார். தன் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியும் கூடவே நின்றுபோனதை அவர் பார்க்கவில்லை. என் கண் புளோயரின் சக்கரத்தின் மேல் இருந்தது. இறுகிய பேரிங் சடக்கென்று நிறுத்தும், கத்தும். இந்தச் சக்கரமோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், மெதுவாக, நிற்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேரிங் இல்ல!" என்று கத்தினேன். "சக்கரத்தைப் பாருங்க, இன்னும் ஓடுது!"

முதலாளி காதில் விழவில்லை. "நீ போம்மா, முதல்ல இங்கேருந்து போ" என்றார்.

மேஸ்திரி என்னைத் தாண்டிப் போய்க் கூட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். மறுபக்கத்துக் கூட்டிலும் வைத்தார். பிறகு நிமிர்ந்து உலைக்கு மேலே தொங்கிய பல்பைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. வேண்டுமானால் அவர் சும்மா இருந்திருக்கலாம். முதலாளி என்னை வெளியே அனுப்பியிருப்பார், அடுத்த வருஷம் டப்பா நிறையக் கிரீஸ் கிடைத்திருக்கும்.

"அந்தம்மாவ ஏன் தொரத்தறீங்க?" என்று அதட்டினார், முதலாளியைத்தான். "கரண்ட்டு பூட்ச்சி. பேரிங் ஜில்லுனு கீது. யோவ், நீங்க இன்னாத்தய்யா பாத்துகினு நிக்கிறீங்க? கீற இரும்ப ஊத்துங்க!"

இறங்கிய இரும்பை ஊற்றினார்கள். உலையின் அடியைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று மேஸ்திரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே பல்பு எரிந்தது. புளோயர் மறுபடி கிளம்பியது. சாயங்காலம் கடைசி அச்சு நிரம்பும்வரை ஓடியது. முதலாளி என் பக்கமாக வந்து, "சரிம்மா, போய் ஸ்டோர்ஸைப் பாரு" என்றார். மன்னிப்பு, பாராட்டு இரண்டும் அதற்குள் அடங்கியதாக அவர் நினைத்திருப்பார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போகவில்லை, அது போதும் என்று இருந்தேன்.

ஆட்கள் கை கழுவப் போன பிறகும் மேஸ்திரி புளோயர் பக்கத்திலேயே நின்றார். உள்ளங்கை கூட்டின் மேல் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருசமும் நீயே வெச்சுடு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரி என்று தலையாட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணுதாம்மா. தப்பா நெனச்சுக்காத. பூஜை சமயத்துல நீ வீட்டுக்குத் தூரமா இருந்தா முன்னாடியே சொல்லிடு. அந்தக் கையால மட்டும் வெக்கக் கூடாது."

"முந்தாநாள் தூரமாத்தான் இருந்தேன், மேஸ்திரி" என்றேன். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "இந்தக் கையாலதான் வெச்சேன்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைக்கு அடியில் இருந்த கூட்டைப் பார்த்தார். கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"அடுத்த வருஷமும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்ஸைப் பூட்டப் போனேன்.